கணக்கில் தீர்ந்த வீடு

காலை பத்து மணிக்கு அந்த வாசலில் இருந்தவர்கள்: ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து வந்த டெனீஸ் ரோலண்ட், சாமான் தூக்க இரண்டு பேர், வெளியேற வேண்டிய வீட்டுக்காரர் லெஸ்டர் விட்கோ, பூட்டு மாற்ற வந்த நான். ஆறாவதாக ஒருவர் வாடகைக் காரில் வந்து இறங்கினார். ஒரு கையில் வால்நட் ரோல் கேக் பெட்டி, இன்னொரு கையில் துருப்பிடித்த காப்பி டப்பா. அவரை யாரும் எதிர்பார்க்கவில்லை.

நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். எட்டு வருஷம் ராத்திரி ஷிப்டில், சாவியைத் தொலைத்தவர்களுக்குக் கார் கதவு திறந்துவிட்டேன். பிறகு பகலில் இந்த வேலை. எங்கள் ஊர் பார்மாவில் அந்த வருஷங்களில் நான் திறந்த கதவுகளைவிட மூடியவை அதிகம். கடன் கட்டாமல் வீட்டிலிருந்து வெளியேற்றப்படுகிறவர்கள் கத்துவார்கள், அல்லது கெஞ்சுவார்கள். லெஸ்டர் இரண்டும் செய்யவில்லை. நான் பழைய பூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவர் சமையலறையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். காரில் வந்த தம்பி ராஸின் குரல் கேட்டுத்தான் வெளியே வந்தார்.

"என்ன லெஸ், பழசையெல்லாம் தூக்கிப் போடுறியா?" புல்தரையில் கிடந்த சோபாவைப் பார்த்து ராஸ் சிரித்தார். "கடன் தீர்ந்ததும் கை தாராளமாயிடுச்சோ?"

"என்ன கடன், ராஸ்?"

"நடிக்காதே. எங்க பேங்க் பட்டியல்ல பார்த்துட்டேன். போன வருஷம் மார்ச்லயே முடிச்சிருக்கே. கல்லுளிமங்கன், ஒரு வார்த்தை சொல்லலையே! நாளைக்கு உனக்கு அறுபது. அப்பா டப்பாவோட வந்திருக்கேன், பத்திரத்தை எடு."

வீட்டுக்கடன் தீர்ந்தால் கடன் பத்திரத்தை எரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவர்கள் அப்பா அந்த டப்பாவில்தான் எரித்தாராம். அன்று தெருவே பீர் குடித்ததாம்.

டெனீஸ் குறுக்கே வந்தாள். "சார், இது வெளியேற்றம். பதினோரு மணிக்குள்ள முடிக்கணும்."

ராஸ் அவளைப் பார்த்தார், என் கையிலிருந்த பூட்டைப் பார்த்தார், கடைசியாக அண்ணனைப் பார்த்தார். சோபாவில் உட்கார்ந்தார். வால்நட் ரோல் பெட்டி மடியிலிருந்து நழுவிப் புல்லில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

ராஸுக்கு நியூயார்க்கில், நாட்டின் மத்திய வங்கியில் வேலை. ஆயிரக்கணக்கான வீட்டுக்கடன்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே முதலீட்டுப் பத்திரமாக விற்பார்கள். அந்த வங்கி அப்படிப்பட்ட பத்திரங்களை மலைபோல வாங்கி வைத்திருந்தது. அதிலிருந்து மாதாமாதம் எத்தனை கடன்கள் கழன்றுபோகின்றன என்று பார்ப்பது அவர் வேலை. பட்டியலில் பெயர் இருக்காது. மாநிலம், தொகை, வட்டி, கடன் கொடுத்த மாதம் இருக்கும். அண்ணனுக்கு அந்தக் கடனை எழுதும்போது கூடவே இருந்தவர் அவர். எண்பத்தேழாயிரத்து நானூறு டாலர். அவருக்கு அது போதும்.

"ஒருத்தன் முழுசாக் கட்டினாலும் கழலும்," என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. "கட்டாம விட்டாலும் கழலும். உத்தரவாதம் கொடுத்த கம்பெனி எங்களுக்கு மொத்தத்தையும் கட்டிட்டு அந்தக் கடனை வெளியே எடுத்துக்கும். எங்க பக்கம் ரெண்டும் ஒண்ணுதான், பட்டியல்ல ஒரு வரி குறையும். புதுசா வர்றவங்களுக்கு முதல் நாளே நான் இதைத்தான் சொல்லித் தர்றேன்."

லெஸ்டர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "மார்ச்ல எனக்கு ஆறாயிரம் இருந்திருந்தாப் போதும்."

"ஃபோன் பண்ணியிருக்கலாமே!"

"எடுத்தேன். உன் பேரைப் பார்த்ததும் வச்சுட்டேன்."

"நீயே கூப்பிட்டுச் சொல்லுவேன்னு நான் காத்துட்டு இருந்தேன், லெஸ். பதினாலு மாசம். பதினாலு மாசமா உன்னை நினைச்சு சந்தோஷமா இருந்தேன்."

சாமான் தூக்குகிறவர்களில் ஒருவன் மெத்தையோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டான். ராஸ் எழுந்து டெனீஸிடம் போனார்.  "நான் கட்டுறேன். மொத்தமும். இப்பவே."

"ஏலம் முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு சார். வீடு இப்ப வேறொருத்தருது."

லெஸ்டர் கேட்டார்: "உங்க பேங்குக்கு என்னால எவ்வளவுடா நஷ்டம்?"

ராஸ் சொன்னார்: "ஒண்ணுமில்ல. முழுசா வந்துடுச்சு."

"முழுசாவா?" என்றாள் டெனீஸ். இருபது வருஷமாக இந்த வேலையைச் செய்கிறவள். அவள் முகம் அப்படி மாறியதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

லெஸ்டர் தம்பி கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். உள்ளே ஏதோ நகரும் சத்தம், பிறகு அதுவும் இல்லை. டெனீஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐம்பத்தைந்து. அவர் வெளியே வந்தபோது கையில் குப்பைப் பை மட்டும்தான் இருந்தது. பழைய சாவியை என்னிடம் நீட்டினார். அது இனி எதையும் திறக்காது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

"டப்பா எங்கே?" என்றார் ராஸ்.

"அடுப்பு மேல வச்சுட்டேன். வீட்டை வாங்கினவனுக்கு ஒருநாள் எரிக்கத் தேவைப்படும்."

நான் அவருக்குப் பின்னால் கதவை இழுத்து மூடி, புதுச் சாவியை இரண்டு முறை திருப்பினேன்.