எவர்சில்வர் குழாய்க்கு எதுக்குப் பூச்சு?

நான் செஞ்சு குடுத்த புகைக்குழாயை ராஸ்கோ என் மேசை மேல தொப்புன்னு போட்டான் பாருங்க, எனக்கு அப்பவே கோவம் தலைக்கேறிடுச்சு. சனிக்கிழமை காலை, ஆஸ்திரேலியாவுல எங்க மில்டூரா ஊர் கார் கிளப் பட்டறை. வெளியில சாஸேஜ் வெந்துக்கிட்டிருக்கு, பத்துப் பேர் ரொட்டியும் கையுமா நிக்கிறாங்க. அத்தனை பேர் முன்னாடியும் கேக்கிறான்:

"இதான் நீ வெல்டிங் பண்ற லட்சணமா, க்ளெனிஸ்? மூணு மாசம் தாங்கலையே!"

முப்பது வருஷமா எவர்சில்வர் குழாய் வளைச்சுப் பத்தவைக்கிறவ நான். இந்தப் பேரு கெட்டா எனக்கு வேற பொழைப்பு கிடையாது.

குழாயைத் திருப்பினேன். சிலிண்டருக்கு ஒண்ணா இருக்கிற ஆறு கிளையில மூணாவதுல விரிசல். மேல முழுக்க வெள்ளி நிறத்துல வழவழன்னு, சூட்டை வெளியே விடாத பூச்சு.

"யாரைக் கேட்டுடா பூசினே? ஆயிரம் கிலோமீட்டர் வெறுங்குழாயா ஓட்டு, அப்புறம் யோசிக்கலாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"பூசினா பானட்டுக்குள்ள சூடு குறையும்ல?"

"குறையும். நான் இல்லேன்னேனா? ஆனா அந்தச் சூடு குழாய்க்குள்ளேயே கிடந்து வேகும். எஞ்சின் ஒழுங்கா இருந்தா தாங்கும்."

"எஞ்சினுக்கு என்ன? உன் வெல்டிங்தான் கேடு."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

ஸ்பேனரை எடுத்துக்கிட்டு நேரா டிரெய்லர்ல நின்ன அவன் யூட் வண்டிக்குப் போனேன். ஆறு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி மட்கார்டு மேல வரிசையா வெச்சேன். அஞ்சு தவிட்டு நிறம். மூணாவது சுண்ணாம்பு வெள்ளை.

"பார்த்துக்கோ! எங்கேயோ காத்து இழுத்து, அந்தச் சிலிண்டர் மட்டும் பெட்ரோல் பத்தாம எரியுது. வெறுங்குழாயா இருந்தா முதல் வாரமே மூணாவது மட்டும் கருநீலமாகி உனக்குக் காட்டிக்கொடுத்திருக்கும். விரிசலும் வெல்டிங்ல இல்ல, ரெண்டு விரல் தள்ளி இருக்கு."

"போச்சுடா ராஸ்கோ"ன்னு யாரோ சிரிச்சாங்க. நான் விடல.

"குழாய் உண்மையைச் சொல்ல வந்தா அதோட வாயைப் பொத்திட்டு, பழியை என் மேல போடறியா? வெக்கமா இல்ல? அழகு பார்க்கவாடா பூசினே?"

"ஆமா"ன்னான். யூட்டுக்குள்ள கையை விட்டு ஒரு காகிதத்தை எடுத்தான். போன வருஷக் கண்காட்சியோட மார்க் தாள். எங்க கிளப்புல வருஷத்துக்கு ஒருத்தரா முறை வெச்சு, வெள்ளைக் கையுறை மாட்டிக்கிட்டு, ஒவ்வொரு பானட்டையும் திறந்து மார்க் போடுவோம்.

"அப்ப பழைய குழாய் இருந்துச்சு. ரெண்டு மார்க்ல கோப்பை போச்சு. இந்த வருஷமும் போகக் கூடாதுன்னுதான் பூசினேன். எதுக்குக் குறைச்சாங்கன்னு நீயே படி."

'மூணாவது குழாயில கருநீலக் கறை. பார்க்க அசிங்கம். ரெண்டு மார்க் குறைவு.'

கீழே என் கையெழுத்து.

வியாதியைக் கண்ணால பார்த்துட்டு அழுக்குன்னு எழுதினவ நான்தான். அவ்வளவு நேரம் அவன் மேல இருந்த கோவம் மொத்தமும் என் மேலேயே திரும்பிடுச்சு.

"என்ன எழுதியிருக்கு, க்ளெனிஸ்?"ன்னு சுத்தி நின்னவங்க எட்டிப் பார்த்தாங்க.

பத்துப் பேருக்கும் கேக்கிற மாதிரி சத்தமாப் படிச்சேன். கையெழுத்து யாருதுங்கறதையும் சேர்த்து.