பதினேழில் பதினான்கு

ரகுநாதனால் எதையும் சும்மா ரசிக்க முடியாது. கணக்குப் போட்டால்தான் அவருக்கு ரசனையே வரும். திருச்சியில் கல்லூரியில் படித்த நாட்களில், ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை ஓட ஓட, பக்கத்தில் உட்கார்ந்து சராசரி போட்டுக்கொண்டிருப்பார். டொரான்டோவில் வாய்த்த வேலையும் அதே ரகம்தான். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில், எந்த வயதுக்காரர் இன்னும் எத்தனை வருடம் உயிரோடு இருப்பார் என்று கணிக்கிற பிரிவு.

எழுபத்திநாலாம் வருடத்தில் இந்த ஊரில் கிரிக்கெட் பேச ஆள் கிடைப்பது அபூர்வம். அந்தக் குறையைத் தீர்த்தது கனடிய ஃபுட்பால். பெயர்தான் ஃபுட்பால், காலால் உதைப்பது எப்போதாவதுதான். முட்டை வடிவப் பந்துக்காக மலை மாதிரி ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். அந்த அமளிக்கு நடுவில், எதிராளிகள் தன் மேல் பாய்வதற்குள் யாருக்கு எறியலாம் என்று பார்த்துப் பந்தை எறிய வேண்டியவர் குவார்ட்டர்பேக். அணியின் மூளை அவர்தான். எறிந்ததில் எத்தனை பந்து சரியாகப் போய்ச் சேர்ந்தது, எத்தனையை எதிரணி பறித்தது என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. ரகுநாதனுக்கு அது போதும்.

தர்க்கம் பண்ண ஒரே கூட்டாளி மோகனசுந்தரம். கோயம்புத்தூர்க்காரர், இன்ஜினீயர். யூனியன்வில்லில் புதிதாக வீடு வாங்கியிருந்தார். எந்தக் காலத்து ஆட்டக்காரர் பெரியவர் என்று பேச ஆரம்பித்தால் இருவருக்கும் காபி ஆறிப்போகும்.

"டெனிஸ் கார்வர் நூறு பந்து எறிஞ்சா அறுபது போய்ச் சேருது. உங்க ஆளு அம்பத்திரண்டு. இதுல பேச என்ன இருக்குங்க ரகு?" என்பார் மோகனசுந்தரம். கார்வர் இப்போது நகர அணியில் ஆடுகிறவர். மோகனசுந்தரத்துக்கு அவர் மேல் உயிர்.

"அம்பத்திரண்டு எந்தக் காலத்துல? அப்ப மத்தவங்க எல்லாம் நாப்பதைத் தாண்டல மோகன். சேத்துல நின்னு, நனைஞ்ச தோல் பந்தை எறிஞ்சிருக்காங்க. அந்தந்தக் காலத்து சராசரியோட வச்சுப் பாத்தா உங்க கார்வர் கிட்டக்கூட வர முடியாது."

ரகுநாதனின் ஆள் வால்ட் ஹென்ரிக்சன். அவர் ஆடி இருவரும் பார்த்ததில்லை. டொரான்டோவின் ஏரிக்கரைப் பகுதியான மிமிகோவில் இயங்கி, எப்போதோ கலைந்துபோன லேக்ஷோர் ராம்ப்ளர்ஸ் என்ற அணியில் கால் நூற்றாண்டுக்கு முன்னால் ஆடியவர். ரகுநாதனின் மேலதிகாரி ஃப்ளெட்சர் அந்த அணியின் பழைய ரசிகர். அவர் சொல்லித்தான் ரகுநாதனுக்கு அந்தப் பெயரே தெரியும். அதன் பிறகு பல சனிக்கிழமைகள் நூலகத்தில் உட்கார்ந்து, பழைய செய்தித்தாள்களைப் படித்து ஹென்ரிக்சனின் எல்லா ஆட்டங்களையும் சேர்த்துவிட்டார். அதில் ஒன்று அவரைத் தூங்கவிடவில்லை. நாற்பத்தொன்பதாம் வருட இறுதி ஆட்டம். அதன் இரண்டாம் பாதியில் ஹென்ரிக்சன் எறிந்தது பதினேழு பந்து. போய்ச் சேர்ந்தது பதினான்கு. தோற்றுக்கொண்டிருந்த அணி ஜெயித்தது.

"வசு, இந்தப் பதினாலை மட்டும் பாரேன். ஒரு மனுஷன் இவ்வளவு நிதானமா எப்படி ஆட முடியும்?" என்று மனைவியிடம் ஆச்சரியப்பட்டார்.

வசுமதி ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவள். ஆட்டம் புரியாவிட்டாலும் கணவருடைய முகம் புரியும். "நேர்ல பாத்தாக் கேளுங்க" என்றாள்.

அந்த வாய்ப்பு செப்டம்பர் கடைசியில் வந்தது. ராம்ப்ளர்ஸ் ரசிகர்கள் வருடத்துக்கு ஒருமுறை மிமிகோவில் ஒரு ஹாலில் கூடி மதியச் சாப்பாடு சாப்பிடுவார்கள். பழைய ஆளா, புது ஆளா என்ற வாக்குவாதம் அங்கேயும் உண்டு. ரகுநாதனின் கணக்கைக் கேட்ட ஃப்ளெட்சருக்குப் பரம சந்தோஷம். "நீ வந்து பேசு. வால்ட்டும் வருகிறார். எதிர்க்கட்சி வாயை இந்த வருடம் அடைத்துவிடலாம்" என்றார்.

மோகனசுந்தரத்தின் பழைய டாட்ஜ் காரில் மூவரும் போனார்கள். பெரிய அட்டையில் ரகுநாதன் வரைபடம் போட்டு எடுத்துவந்திருந்தார். ஹாலில் எண்பது பேர் இருப்பார்கள். பீர் வாசனையும் சிகரெட் புகையும் கண்ணைக் கரித்தன. முன் மேசையில் ஹென்ரிக்சன். அகன்ற தோள், நன்றாக இஸ்திரி போட்ட கோட், தலை முழுக்க நரை. யார் வந்து கை கொடுத்தாலும் அதே அளவு சிரித்தார். பக்கத்தில் அவருடைய மனைவி ஐரீன். அவருக்கு எதிரே வசுமதிக்கு இடம் கிடைத்தது.

ரகுநாதன் நன்றாகவே பேசினார். காலம் மாறும்போது எண்களை அப்படியே ஒப்பிடக்கூடாது, ஒவ்வொருவரையும் அவருடைய காலத்தோடு ஒப்பிட்டு, அந்த வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று விளக்கினார். கார்வரின் கோடு எங்கே நிற்கிறது, ஹென்ரிக்சனின் கோடு எங்கே நிற்கிறது என்று குச்சியால் காட்டினார். மேசைகளைத் தட்டினார்கள். மோகனசுந்தரம்கூட தோற்றவனைப் போல இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

உற்சாகத்தில் ரகுநாதன் முன் மேசைப் பக்கம் திரும்பினார். "மிஸ்டர் ஹென்ரிக்சன், எனக்கு ஒரே ஒரு கேள்வி. நாற்பத்தொன்பது இறுதி ஆட்டத்தின் இரண்டாம் பாதி. பதினேழில் பதினான்கு. என்னிடம் இருக்கிற எந்தக் கணக்கிலும் இதற்கு ஈடு இல்லை. அந்த இடைவேளையில் உங்கள் மனதில் என்ன ஓடியது?"

ஹென்ரிக்சன் எழுந்து நின்றார். சிரிப்பு மாறவில்லை. ஹால் முழுவதையும் ஒருமுறை பார்த்தார். பிறகு மனைவி பக்கம் குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "ஐரீன், நாம் ஜெயித்தோமா?" என்றார்.

ஹால் அதிர்ந்தது. எண்பது பேரும் சிரித்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ரகுநாதனும் நகைச்சுவை என்று நினைத்து பாதி சிரித்தார்.

"பாவம், இவருக்குத் தெரியாது!" என்று ஃப்ளெட்சர் எழுந்தார். "நான் அன்று மைதானத்தில் இருந்தேன். முதல் பாதி முடிகிற நேரம். எதிரணி முரடன் ஒருவன் வால்ட்டைத் தூக்கி அடித்தான். தலை தரையில் மோதிய சத்தம் மேல்வரிசை வரை கேட்டது. கண் செருகிவிட்டது. உள்ளே தூக்கிக்கொண்டு போய் அம்மோனியாவை மூக்கில் பிடித்தார்கள். 'இது எந்த ஊர்?' என்று கேட்டாராம். கோச் என்ன சொன்னார் தெரியுமா? 'ஊர் தெரிய வேண்டாம், பந்து தெரிந்தால் போதும்.' திரும்ப அனுப்பினார்கள். அந்தப் பதினான்கையும் வால்ட் எறிந்தது தூக்கத்தில்! இன்றுவரை அவருக்கு அந்த ஆட்டம் ஞாபகம் இல்லை. இப்போது சொல்லுங்கள், கார்வரால் தூக்கத்தில் எறிய முடியுமா?"

மறுபடியும் மேசைகளைத் தட்டினார்கள். "தூக்கத்தில்! தூக்கத்தில்!" என்று ஒரு மூலையில் கத்தினார்கள். ஹென்ரிக்சன் அதற்கும் கை அசைத்தார்.

ரகுநாதனின் கையில் குச்சி அப்படியே நின்றது. முதுகுக்குப் பின்னால் இருந்த வரைபடத்தைத் திரும்பிப் பார்க்கக் கூசியது. அந்த எண்ணைப் பார்த்து எத்தனை நாள் மலைத்திருக்கிறார்! நிதானம் என்று பெயர் வைத்திருந்தார். நிதானத்துக்கு அங்கே ஆளே இல்லை. கூட்டத்தில் சிரிக்காத முகத்தைத் தேடினார். வசுமதி சிரிக்கவில்லை. மோகனசுந்தரம் தூக்கிய கையை இன்னும் முழுவதுமாக இறக்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் கோட்டு மாட்டுகிற இடத்தில் வசுமதி கணவரைப் பிடித்தாள்.

"என்னங்க, அவருக்கு என்ன வயசு இருக்கும்னு நினைக்கிறீங்க?"

"அறுபதுக்கு மேல இருக்கும்."

"அம்பத்திரண்டு. அந்தம்மா சொன்னாங்க. வீட்டுல பாத்ரூம் எங்கேன்னு தெரியலையாம். போன ஜனவரியில, பனியில வெறும் செருப்போட ஏரிக்கரை வரைக்கும் நடந்து போயிட்டாராம், போலீஸ் கூட்டிட்டு வந்திருக்காங்க. முதல்ல எல்லாம் சும்மா மறதின்னு விட்டிருக்காங்க."

ஐம்பத்திரண்டு. ரகுநாதன் தினமும் பார்க்கிற அட்டவணையில் ஐம்பத்திரண்டு வயது ஆணுக்கு முன்னால் இன்னும் நிறைய வருடங்கள் இருந்தன. அவருக்கே நாற்பத்தொன்று.

அப்போது ஐரீன் கணவரின் கோட்டைத் தேடிக்கொண்டு அங்கே வந்தார். ரகுநாதன் தடுமாறி, "மன்னிக்க வேண்டும். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதைக் கேட்டிருக்க மாட்டேன்" என்றார்.

"நீங்கள் மட்டும்தான் உண்மையாகவே கேட்டீர்கள்" என்றார் ஐரீன். கோபமே இல்லை. "மற்றவர்களுக்கு அது ஒரு வேடிக்கைக் கதை. நானும் முதல் பத்து வருடம் சிரித்தேன். அன்று வீட்டுக்கு வந்து படுக்கும்வரை ஜெயித்தோமா, ஜெயித்தோமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஒவ்வொரு தடவையும் சிரித்தேன். எனக்கு இருபத்துநாலு வயது."

கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதே காரில் திரும்பினார்கள். வரைபடம் பின்சீட்டில் வசுமதியின் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. மோகனசுந்தரம் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"போன வாரம் கார்வர் அடி வாங்கி விழுந்தானுங்க. எந்திரிச்சு ஓரமாப் போய் வாந்தி எடுத்தான். மறுபடி வந்து ஆடினான். நான் எந்திரிச்சு நின்னு கை தட்டினேன் ரகு. தொண்டை கட்டற அளவுக்குக் கத்தினேன்."

ரகுநாதனும் அன்று பக்கத்தில்தான் இருந்தார். அவரும் தட்டியிருந்தார்.

அடுத்த வாரம் ஆபீஸில் ஃப்ளெட்சர் அந்த வரைபடத்தை ஹாலில் மாட்டக் கேட்டார். ரகுநாதன் தர மறுத்தார். காரணம் சொல்ல முயன்றார். ஃப்ளெட்சருக்கு முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது, புரிந்ததும் முகம் சிவந்தது. "நாங்கள் அவரை நேசிக்கிறோம். வருடா வருடம் அவருடைய சாப்பாட்டுக்கு நாங்கள்தான் ஏற்பாடு செய்கிறோம்" என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். நேசிக்கிறார் என்பதில் ரகுநாதனுக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

வசுமதி அதற்குள் சும்மா இருக்கவில்லை. தன் ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் ஒருவரிடம் பேசி, ஹென்ரிக்சனைக் காட்ட ஐரீனுக்கு நேரம் வாங்கிக் கொடுத்தாள். டாக்டர் எல்லாச் சோதனையும் செய்தார். வயதான குத்துச்சண்டைக்காரர்களிடம் இப்படிப் பார்த்திருப்பதாகவும், ஒரே அடி அல்ல, வருடக்கணக்கில் பட்ட அடிகள் என்றும் சொன்னார். மருந்து இல்லை. "யாராவது எப்போதும் கூட இருக்க வேண்டும்" என்பதுதான் சிகிச்சை.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் இருக்கிற டிக்கெட்டை வீணாக்க மனமில்லாமல் நண்பர்கள் இருவரும் ஸ்டேடியத்துக்குப் போனார்கள். ஏரியிலிருந்து குளிர்காற்று ஊசியாகக் குத்தியது. மூன்றாவது கால்பகுதியில் இரண்டு பக்கமிருந்தும் இருவர் ஓடிவந்து கார்வரை மோதினார்கள். ஹெல்மெட் தரையில் இடித்தது. கூட்டம் மூச்சைப் பிடித்தது. கார்வர் எழுந்தார். இரண்டடி நடந்து, எதிரணி ஆட்கள் கூடி நின்ற வட்டத்துக்குள் போய் நின்றார். எதிரணிக்காரன் ஒருவன் தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பினான். ஸ்டேடியமே சிரித்தது.

"வெளியே எடுங்கள்!" என்று ரகுநாதன் எழுந்து கத்தினார். "அவரை வெளியே எடுங்கள்!"

பின்வரிசைக்காரர் அவர் கோட்டை இழுத்தார். "உட்கார். எந்தக் கட்சி நீ?"

மோகனசுந்தரம் எழுந்தார். ரகுநாதனைவிட அவர் குரல் பெரிது. இருவரும் கத்தினார்கள். சுற்றியிருந்தவர்கள் முறைத்தார்கள், ஒருவர் வேர்க்கடலைத் தோலை எறிந்தார். கோச் இருந்த இடம் வெகு தூரம். கார்வர் பந்தை வாங்கினார், பின்வாங்கினார், எறிந்தார். நாற்பது கெஜம் பறந்த பந்து, ஓடிக்கொண்டிருந்தவரின் கையில் பூ மாதிரி விழுந்தது. டச்டவுன், ஆறு புள்ளி.

முப்பதாயிரம் பேர் துள்ளி எழுந்தார்கள். பின்வரிசைக்காரர் கோபத்தையெல்லாம் மறந்து ரகுநாதனைக் கட்டிப் பிடித்துக் குலுக்கினார். காபி சிந்தி கையைச் சுட்டது. ரகுநாதன் மோகனசுந்தரத்தைப் பார்த்தார். தன் ஆட்டக்காரன் எறிந்த மிக அழகான பந்தை அவர் செத்த வீட்டில் நிற்பவர் போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போலாங்க ரகு" என்றார். "என்னால முடியாது."

அடுத்த வருடம் இருவரும் டிக்கெட் வாங்கவில்லை. சனிக்கிழமைகளில் ரகுநாதன் மிமிகோவுக்குப் போகத் தொடங்கினார். ஐரீன் கடைக்கும் சர்ச் வேலைக்கும் போய்வரும் வரை அவர் ஹென்ரிக்சனோடு இருப்பார். சில வாரம் மோகனசுந்தரமும் வருவார். ஆட்டத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். போகும்போதெல்லாம் ஹென்ரிக்சன் கை குலுக்கி, புதிதாக வந்திருக்கிறீர்களா, எந்த ஊர் என்று கேட்பார். ரகுநாதன் ஒவ்வொரு தடவையும் திருச்சி என்பார். அவர் ஒவ்வொரு தடவையும் அங்கே பனி உண்டா என்பார்.

ஒரு பிப்ரவரிச் சனிக்கிழமை இருவரும் வாசல் பனியை அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஹென்ரிக்சனின் தோள்களில் பலம் குறையவில்லை. ரகுநாதன் ஒரு வாரு வாருவதற்குள் அவர் மூன்று வாரு வாரி வீசினார். நடுவில் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டே, "நீங்கள் ஏதாவது ஆடுவீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை. பார்ப்பேன், அவ்வளவுதான்."

ஹென்ரிக்சன் சற்று யோசித்தார். "பார்ப்பது நல்லது" என்றார். "அடி படாது."

சொல்லிவிட்டு மறுபடி குனிந்து பனியை வாரினார். ரகுநாதன் மண்வாரியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். ஐரீனின் கார் தெரு முனையில் திரும்புவது தெரிந்தது. வண்டி உள்ளே வர இன்னும் பாதி வழி அடைத்துக் கிடந்தது. அவரும் குனிந்தார்.