ஷாஹினாஸின் நுழைவு

படகின் சமையலறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே தொங்கிய திரைக்குப் பின்னால், மெல்லிய துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடனக்காரி ஷாஹினாஸ் காத்திருந்தாள். நைல் நதியில் மதிய உல்லாசப் பயணம். இன்றைக்கு ஒரு கல்யாண வீட்டார் படகை முழுசாக எடுத்திருந்தார்கள்.

நுழைவு இசையை அவளுக்கென்றே அமைத்துத் தந்தவர் அக்கார்டியன் வாசிக்கும் உஸ்தாத் ஃபத்ஹி. முதலில் குழு மட்டும் வாசிக்கும். மேடை காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தைப் பார்த்துப் பார்த்து ஜனங்களுக்கு ஆவல் ஏறும்போது, மத்தளம் ஒருமுறை அதிர்ந்து நிற்கும். அந்த நிசப்தத்தில் அவள் ஓடி வருவாள். நாள் முழுக்க யார் யாருக்கோ வளைந்து கொடுப்பவளுக்கு, எல்லோரும் தனக்காகக் காத்திருக்கும் அந்தச் சில விநாடிதான் சொந்தம்.

அதைத்தான் படகின் மேலாளர் ஷௌகத் வெட்டச் சொன்னார். யாரும் கவனிப்பதில்லையாம், புறாக்கறியில் மும்முரமாக இருக்கிறார்களாம். அவள் சண்டை போட்ட பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். இன்றைக்குக் கரண்டிச் சத்தம் நின்றால் நுழைவு இருக்கும். இல்லையென்றால் நாளையிலிருந்து நேராகப் பாட்டுதான்.

அந்தப் பயத்தில், மணமக்களை ஊர்வலமாக அழைத்துவரும் தாளத்தை ஆரம்பத்தில் சேர்க்கும்படி உஸ்தாதிடம் கேட்டாள். அதைக் கேட்டால் எந்த எகிப்தியனும் தலை தூக்குவான்.

"வேணாம்மா. அது பொண்ணு மாப்பிள்ளைக்கு உள்ள தாளம்," என்றார் அவர். அவள்தான் பிடிவாதம் பிடித்தாள்.

இப்போது மத்தளம் எழுந்தது. கரண்டிகள் நின்றன. ஷாஹினாஸின் நெஞ்சு நிறைந்தது. அடுத்துக் கேட்டது குலவை.

திரை விலக்கிப் பார்த்தாள். மணப்பெண்ணின் அத்தைமார் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். மணமக்களை நடுவில் நிறுத்தி, சுற்றிக் கைதட்டி ஆடினார்கள். கால் வைக்க இடமில்லை. மத்தளம் அதிர்ந்து நின்றது. அந்த நிசப்தத்தையும் குலவை விழுங்கியது. உஸ்தாத் திரையைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். ஆட்டம் இன்னும் சூடுபிடித்தது.

அதற்கும் மேல் நிற்கப் பொறுக்கவில்லை. ஓடி வரப் பழகிய கால்களால் முதுகுகளுக்கு இடையே பக்கவாட்டில் நுழைந்தாள். தோள்துணி யாரோ ஒருத்தியின் கைப்பைக் கொக்கியில் மாட்டியது.

"பாத்து வாம்மா, நீயும் வந்து ஆடு," என்று வியர்த்த அத்தை ஒருத்தி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். நல்ல மனுஷிதான். அதனால்தான் எரிச்சலாக இருந்தது, கோபித்துக்கொள்ளக்கூட ஆளில்லை.

ஆட்டம் முடிந்து படகு கரையை நெருங்கும்போது ஷௌகத் சிரித்த முகமாக வந்தார்.

"நீ சொன்னதுதான் சரி. ஒரு கரண்டிச் சத்தம் இல்ல. தினமும் இப்படியே இருக்கட்டும். ஆமா, நீ எப்ப உள்ள வந்தே? நான் கவனிக்கவே இல்லையே."

கேட்டது கிடைத்துவிட்டது. அவளுடைய நுழைவு, அவள் இல்லாமல். வெட்டியிருந்தால்கூட ஷௌகத்தைத் திட்டியிருக்கலாம். இதற்கு யாரைத் திட்டுவது?

உஸ்தாத் அக்கார்டியனைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் அப்பவே சொன்னேனே என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று பயந்தாள். அவர் சொல்லவில்லை. அதுவும் தாங்கவில்லை.

"நாளைக்கு அந்தத் தாளத்தை எடுத்துடுங்க."

"எடுத்தா மறுபடி சாப்பிட ஆரம்பிச்சிருவாங்க. இவர் வெட்டிருவாரு."

"தெரியும்," என்றாள், தோள்துணியில் இழுபட்டுக் கிடந்த நூலை விரலில் சுற்றி அறுத்துக்கொண்டே. "வெட்டறதுக்குள்ள ஒரு தடவை வந்துட்டுப் போறேன். கரண்டிச் சத்தத்துக்கு நடுவுலயே வரேன். வர்றது நானா இருக்கணும்."