ஜெரூஷாவுக்கு விழுந்த குரூப்

மே மாதம் வந்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். பிளஸ் ஒன் அட்மிஷன் மேசையில் என்னைத்தான் உட்காரவைப்பார்கள். தாம்பரம் பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடம். நான் செல்வமேரி, பதினொன்று, பன்னிரண்டுக்கு காமர்ஸ் எடுக்கிறேன். எந்தப் பிள்ளை எந்த குரூப்பில் சேரலாம் என்று பெற்றோரிடம் பேசுவது என் வேலை. பேசுவது நான், முடிவெடுப்பது எதிர்வீட்டு அங்கிள், சித்தப்பாவின் மச்சான், யூடியூபில் வருகிற எவனோ ஒருத்தன். படிக்கப்போகிற பிள்ளை பக்கத்தில் நின்று ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நல்ல மார்க் என்றால் ஃபர்ஸ்ட் குரூப்: கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி. கொஞ்சம் குறைந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ். தேறாத கேஸ் என்றால் காமர்ஸ். இப்படி எந்த அரசாணையிலும் இல்லை. ஆனால் பொழிச்சலூரிலிருந்து பீர்க்கன்கரணை வரை எல்லார் மண்டையிலும் இருக்கிறது. என் பாடத்தைக் கழிசடை மாதிரி ஒதுக்குகிறார்களே என்று ஆத்திரம் ஆத்திரமாக வரும். வாயைத் திறந்தால், டீச்சர் ஆள் பிடிக்கிறாள் என்பார்கள்.

ரிசல்ட் வந்த மறுநாளே ஜெரூஷா என்னிடம் வந்தாள். எங்கள் பள்ளியிலேயே பத்தாவது படித்தவள். ஐந்நூறுக்கு நானூற்று அறுபத்தெட்டு.

"மிஸ், எனக்கு காமர்ஸ் வேணும். நீங்க அப்பாகிட்ட சொல்லுங்களேன்."

"ஏன்டி, உனக்கு வாய் இல்லியா?"

"அப்பாகிட்ட அப்படில்லாம் பேச முடியாது மிஸ்."

வாய் இல்லாத பெண் இல்லை அவள். பம்மலில் மிக்ஸி ரிப்பேருக்குக் கொடுத்த கடையில், ஜி.எஸ்.டி. நம்பரே இல்லாத பில்லில் வரி மட்டும் எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டவள். "இன்னா பாப்பா, ஆபீசர் கணக்கா கேக்குற? வூட்ல பெரியவங்க இருந்தா இட்டுகினு வா" என்று கடைக்காரர் எகிறியிருக்கிறார். வரியை எடுக்கும்வரை இவள் நகரவில்லை. பத்தாவது புத்தகத்தில் வரி பற்றிப் படித்ததிலிருந்தே அந்தக் கிறுக்கு. ஆடிட்டர் ஆகவேண்டுமாம். இப்படி ஒரு பிள்ளை என் வகுப்புக்கு வர எத்தனை வருஷம் காத்துக்கிடந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அட்மிஷன் அன்று மத்தியானம் அவள் அப்பா லாசரஸ் வந்தார். ஏர்போர்ட் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பரின்டெண்டென்ட், பொழிச்சலூரில் அவர்கள் ஜெபத்துக்குப் போகும் சபைக்குச் செயலாளர். தங்கமான மனுஷன், அதுதான் பிரச்சினையே. கெட்டவர் என்றால் சண்டையாவது போடலாம்.

"ஃபர்ஸ்ட் குரூப் மேடம்" என்றார் உட்காரும்போதே. ஜெரூஷா அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"பாப்பாவுக்குக் கணக்கு, வரி இதுல எல்லாம் ஆர்வம் சார். காமர்ஸ் யோசிச்சீங்களா? அதுல பிசினஸ் மேத்ஸ் செக்‌ஷன் இன்னைக்குச் சாயந்திரத்துக்குள்ள நிரம்பிடும். அப்புறம் நானே நினைச்சாலும் சேர்க்க முடியாது."

"யோசிக்க ஒண்ணும் இல்ல மேடம். ஞாயித்துக்கிழமை காலைல குடும்ப ஜெபம் முடிச்சு சீட்டு போட்டோம். ஃபர்ஸ்ட் குரூப்தான் விழுந்துச்சு. கர்த்தரே காமிச்சுட்டாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் ஆர்.சி., கத்தோலிக்கர்கள். ஒரு காரியம் ஆகவேண்டும் என்றால் மாதாவிடம் நேர்ந்துகொள்வோம். இவர்கள் வீட்டில் வரன், வேலை, மனை வாங்குவது எல்லாமே ஜெபம் பண்ணிச் சீட்டு எடுப்பதுதான். அதைக் கிண்டல் பண்ண நான் யார்? ஆனாலும் ஒரு சந்தேகம் வந்தது.

"எத்தனை சீட்டு சார் போட்டீங்க?"

"ரெண்டு."

"எதெது?"

"ஃபர்ஸ்ட் குரூப், கம்ப்யூட்டர் சயின்ஸ்."

அடக் கடவுளே! "காமர்ஸ் டப்பாவுக்குள்ளயே இல்லியே சார்! அவர் கொடுக்கணும்னு நினைச்சிருந்தாலும் எப்படிக் கொடுப்பார்?"

லாசரஸ் சார் யோசித்தார். நேர்மையான ஆள், நான் கேட்டது அவரைத் தைத்துவிட்டது. "நாங்க அப்படி நினைக்கல மேடம். இவ்ளோ மார்க் எடுத்த பிள்ளைக்கு..." என்று இழுத்தார்.

அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். எனக்குத்தான் நாக்கு சும்மா இருக்காதே. "இப்பவே மூணு சீட்டு போடுங்க. அதுல விழறதை எடுத்துக்கோங்க. நானும் ஒத்துக்கறேன்" என்றேன்.

அவருக்கும் அது நியாயமாகப் பட்டது. தாளைக் கிழித்து மூன்று குரூப்பையும் எழுதினேன். சாக்பீஸ் டப்பாவைக் காலிசெய்து உள்ளே போட்டுக் குலுக்கினேன். அவர் கண்ணை மூடி ஜெபித்தார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். மாதாவே, காமர்ஸ் வரட்டும் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் கையை விட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

ஃபர்ஸ்ட் குரூப்.

என் முகம் தொங்கிப்போனது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேனே! என் மடியில் விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அந்தப் பிள்ளையின் மடியில் விட்டுவிட்டேன். ஒத்துக்கொள்கிறேன் என்று வேறு சொல்லித் தொலைத்தாயிற்று. ஜெரூஷாவை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"பாத்தீங்களா மேடம்" என்றார் லாசரஸ் சார். ஜெயித்த குரல்கூட இல்லை, நிஜமாகவே நிம்மதி. பேனாவை எடுத்தார்.

"நான் காமர்ஸ்தான் படிப்பேன்."

நாற்காலிக்குப் பின்னாலிருந்து வந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா சொல்ற? கர்த்தர் ரெண்டு தடவை காமிச்சிட்டாரு. அவரையே எதிர்த்துப் பேசுறியா?"

"அவரை எதிர்த்துப் பேசலப்பா. உங்ககிட்ட பேசுறேன்." அவள் நாற்காலியைச் சுற்றி முன்னால் வந்தாள். "பாஸ்டரைக் கேட்டீங்க. சித்தப்பாவைக் கேட்டீங்க. ரெண்டு தடவை சீட்டைக் கேட்டீங்க. என்னை ஒரு தடவைகூடக் கேக்கலப்பா."

அதற்குமேல் முடியாமல் பொலபொலவென்று அழுதுவிட்டாள். ஹாலில் இருந்தவர்கள் எல்லாம் எங்களையே பார்த்தார்கள்.

லாசரஸ் சார் அந்தச் சீட்டை மடித்து மேசைமேல் வைத்தார். பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு" என்றார். உட்கார்ந்தாள். "சரி, இப்பக் கேக்குறேன். சொல்லு."

"காமர்ஸ்ப்பா."

"சபையில எல்லாரும் கேப்பாங்களேம்மா. நான் என்னன்னு சொல்றது?"

ஜெரூஷா மூக்கை உறிஞ்சிக்கொண்டு துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள். "என் பொண்ணு கேட்டு வாங்கினான்னு சொல்லுங்க."

அவர் என் பக்கம் திரும்பி, பிசினஸ் மேத்ஸ் செக்‌ஷனுக்கு எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று கேட்டார்.