பின்னணி இரைச்சல்

முனைவர் பட்டம் என்றால் சும்மாவா? எப்போதோ நின்றுபோன பேருந்துத் தடங்களையெல்லாம் ஓர் இணையதளத்தில் ஓடவைக்கக் கிளம்பியிருந்தாள் அந்த ஆய்வு மாணவி. வரைபடத்தில் ஒரு நிறுத்தத்தைத் தொட்டால் போதும், அந்த வழியில் வண்டி ஓட்டியவரின் குரல் கேட்கும். தளம் வெளியான அன்று பேராசிரியரே கைதட்டினார். அவர் கைதட்டுவது அத்தி பூத்தாற்போல.

அடுத்த வாரமே ஓட்டுநர் ஒருவர் ஆய்வுக்கூடத்தைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் மாணவி அவருடைய பேச்சைப் பதிவு செய்திருந்தாள்; அவர் மனைவி அடுப்படியில் இருந்தார்.

"வாங்க ஐயா. அம்மா வரலையா?"

"அவ போய்ச் சேர்ந்துட்டாம்மா. போன மாசம்."

மாணவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தாள்.

"போன்ல பேசறதே அவளுக்குப் பிடிக்காது. எங்கிட்ட அவ குரல்னு எதுவுமே இல்ல. அன்னிக்கு நான் பேசப் பேச அடுப்படியிலேருந்து குறுக்க குறுக்கப் பேசினாளே, அதை ஒரு தடவை கேக்கணும்."

அந்தக் குறுக்குப் பேச்சுக்கு மாணவியின் தொழிலில் பின்னணி இரைச்சல் என்று பெயர். ஒன்றுவிடாமல் வெட்டி எறிந்திருந்தாள். சேமிக்க இடமில்லை என்று, வெட்டிய பதிவை மூலப் பதிவின் மேலேயே ஏற்றி, மூலத்தை அழித்தும்விட்டாள். வரலாற்றைக் காப்பாற்றப் புறப்பட்ட மகராசி செய்த காரியம் இது!

மறைக்க மனம் வரவில்லை, சொல்லிவிட்டாள். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"சரி, இருக்கறதைப் போடு. என் பேச்சைக் கேட்டா அவ சொன்னது ஞாபகம் வரும்."

போட்டாள். ஓரிடத்தில் அவர் கையைத் தூக்கினார்.

"இங்கதான், 'வண்டியிலயே ஒருத்திக்குக் குழந்தை பொறந்துச்சே, அதை விட்டுட்டீங்களே'ன்னா."

இன்னும் கொஞ்சம் போனதும், "இங்க, 'டீயை ஆறவிடாதீங்க'ன்னா" என்றார். அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. மாணவிக்கும் மூச்சு வந்தது.

திடீரென்று பதிவில் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"நிறுத்து, நிறுத்து. ஏதோ சொல்லியிருக்கா. திரும்பப் போடு."

திரும்பப் போட்டாள். மறுபடியும் போட்டாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"பிடிபடமாட்டேங்குதே... நீதானம்மா வெட்டினே? வெட்டறப்போ கேட்டிருப்பியே. என்ன சொன்னா?"

அவள் கேட்கவே இல்லை. திரையில் அவர் குரல் பெரிய அலை, அந்த அம்மாவின் குரல் குட்டி அலை. ஒலியை அணைத்துவிட்டு, கண்ணால் பார்த்தே குட்டி அலைகளை நீக்கிக்கொண்டு போயிருந்தாள். அன்றைக்கு நேரிலும், அவர் சிரித்தபோது அவள் அடுத்த கேள்வியைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஐயா... நான் கேக்கலைங்க."

அவருக்குக் கோபம் வரவில்லை, கண்தான் கலங்கியது.

"இன்னொரு தடவை போடும்மா."

பதிவில் அவர் மறுபடியும் சிரித்தார். எதற்கென்று அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை.