நாற்பத்தோரு கோப்புகள்

“ரெண்டு பக்கம் போதும்டா,” என்று அக்கா கதவருகே நின்று சொன்னாள். “வந்தவங்க முன்னாடி படிக்கிற மாதிரி அப்பா எழுதுனதுல ஒண்ணு எடு. பதினோரு மணிக்கு வண்டி வந்துரும்.”

அவன் அப்பாவின் மேசையில் தன் மடிக்கணினியைத் திறந்து, பென்டிரைவைச் செருகினான். கூடத்தில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம்.

“உனக்கென்ன, போன வருஷமே எல்லாத்தையும் மாத்தி வச்சுட்ட. ஆஸ்பத்திரில நர்ஸ்கிட்டகூட அப்பாவுக்கு அதான் பேச்சு. எம்புள்ள ஒரே மூச்சுல முடிச்சுட்டான்னு.”

அவன் பென்டிரைவில் இருந்த கோப்புறையைத் திறந்தான்.

அப்பா செயற்கைக் கண் செய்தவர். கண்ணை இழந்தவர்களின் எதிரே அமர்ந்து, மிச்சமிருக்கும் கண்ணைப் பார்த்துப் பார்த்து முப்பது வருடம் இன்னொன்றைத் தீட்டினார். ஓய்வு பெற்றபின் அவர்களைப் பற்றி எழுதினார். ஆளுக்கொரு கோப்பு, மொத்தம் நாற்பத்தொன்று. எழுதிய மென்பொருள் வழக்கொழிந்துபோய், அவருடைய பழைய கணினியைத் தவிர வேறெதிலும் அவை திறக்காமல் போயின. எதிலும் திறக்கிற வெறும் எழுத்தாக மாற்றித் தரச்சொல்லி அவனிடம் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். அவன் அலுவலகத்தில் நாள் முழுக்கச் செய்வதும் அதுதான்: பழைய கோப்புகளை மார்க்டவுன் என்ற வெறும் எழுத்து வடிவமாக்குவது, தலைப்புக்கு முன் # என்ற ஹாஷும் ஓர் இடைவெளியும், அழுத்தத்துக்கு இரண்டு நட்சத்திரக் குறி. அப்பாவுக்கும் ஒருமுறை சொல்லிக் காட்டியிருந்தான்.

“அடுத்த வாரம்பா” என்றான். அந்த வாரம் இரண்டு வருடமாக வரவில்லை. ஒருநாள் நச்சரிப்புத் தாங்காமல், “முடிச்சுட்டேன்பா, அனுப்புறேன்” என்றான். அதன்பின் அப்பா கேட்கவே இல்லை.

நேற்று மதியம்தான், மூக்கில் குழாயோடு கேட்டார்.

“எல்லாத்தையும் படிச்சியா?”

“படிச்சேன்பா.”

“நல்லாருந்துச்சா?”

“ரொம்ப நல்லாருந்துச்சு.”

அப்பா அவன் புறங்கையை இரண்டு முறை தட்டிக்கொடுத்தார். பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்.

அவன் கோப்புகளை மாற்றும் நிரலை ஓடவிட்டான். நாற்பத்தொன்றும் வரிசையாக மாறி முடிந்தன. நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

அச்சு இயந்திரம் அப்பாவின் பழைய கணினியோடு இணைந்திருந்தது. கணினியை இயக்கியதும் திரையில் அவனுக்குத் தெரியாத ஒரு கோப்புறை. உள்ளே மூன்று கோப்புகள், வெறும் எழுத்தில். ஹாஷுக்குப் பின் இடைவெளி இல்லை. நட்சத்திரக் குறி ஓரிடத்தில் மூன்று, ஓரிடத்தில் ஒன்று. முதல் கோப்பின் தேதி, முடித்துவிட்டதாக அவன் பொய் சொன்னதிலிருந்து பதினைந்தாம் நாள். மூன்றாவது, ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலை. பாதி வரியில் நின்றிருந்தது.

மேசை ஓரத்தில் அந்த மூன்றாவது கதையைப் பழைய கோப்பிலிருந்து அச்செடுத்த தாள் கிடந்தது. திரையில் நின்ற அதே வரிக்குக் கீழே ஒரு மர அளவுகோல். அதில் கல்லுடைக்கும் பெண் ஒருத்தி அப்பாவிடம் சொல்கிறாள்: “தூசியிலயும் வெயில்லயும் இந்தக் கண்ணு செவந்துபோச்சுங்க. புதுசையும் கொஞ்சம் செவப்பாவே பண்ணுங்க. வெள்ளையா இருந்தா இதுக்கு ஒரு மாதிரியா இருக்கும்.”

“கிடைச்சுதாடா?” கூடத்திலிருந்து அக்காவின் குரல்.

“கொஞ்சம் பாக்கி இருக்குக்கா.”

மாற்றி முடித்த கோப்பு மடிக்கணினியில் தயாராக இருந்தது. அவன் மடிக்கணினியை மூடினான். அப்பாவின் கணினியில் பாதியில் நின்ற வரியைத் தாளைப் பார்த்துத் தட்டி முடித்தான். பிறகு அளவுகோலை ஒரு வரி கீழே நகர்த்தினான்.