வாசல் வண்டிக்காரர்

தான் வேலை பார்க்கும் கோட்டை அலுவலகத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டு அவள் நிமிர்ந்தபோது அப்பா உள்ளே வந்தார். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. பாதுகாக்கப்பட்ட அந்தப் பழைய கோட்டைக்குள் புது உணவகம் கட்ட அனுமதிக்கலாமா என்று இன்று எல்லோரிடமும் கருத்துக் கேட்கிறார்கள். கட்டினால் கோட்டை வாசலில் நிற்கும் டீ வண்டியை எடுத்துவிடுவார்கள். அது அப்பாவின் வண்டி. தானும் பேசுவதாகப் பெயர் கொடுத்திருந்தார்.

காலையில் வீட்டில் ஒத்திகை நடந்தது.

"ஐயா பெரிய மனசு பண்ணி, வாசல்ல ஒரு ஓரமா..."

"குழையாதீங்கப்பா. இத்தனை வருஷமா நிக்கிறேன், உள்ள எனக்கும் ஒரு இடம் வேணும்னு நேரா கேளுங்க."

"உனக்கென்ன, படிச்ச வாய். நான் வாயத் தொறந்தா 'சர்க்கரை போதுமா'ன்னுதான் வருது."

"அதையே கேளுங்க. அதுக்காவது பதில் வரும்," என்றாள் அம்மா, அடுப்பிலிருந்து திரும்பாமல்.

இங்கே அதிகாரி அவரைப் பார்த்ததும், "வந்துட்டியா? முதல்ல எல்லாருக்கும் ஒரு டீ குடுத்துடு," என்றார். அப்பா ஒரு கணம் நின்றார். பிறகு வாசலுக்குப் போய் டீ கேனையும் டம்ளர்களையும் கொண்டுவந்தார்.

அவளுடைய மேசைக்கு வந்தபோது, "மேடம், டீ," என்றார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், "டீக்காரர் உனக்குத் தெரிஞ்சவரா?" என்று அலுவலகத்தில் ஒருத்தி கேட்டாள். "எங்க தெருக்காரர்," என்று சொல்லிவைத்தாள். அது அவர் காதுக்கும் போயிருக்க வேண்டும். அன்றிலிருந்து மேடம்தான். வீட்டில் அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

முகத்தைப் பார்க்காமல் டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

உணவக நிறுவனத்துக்காரர் நடுமேசையில் அட்டையில் செய்த கோட்டையைக் காட்டிப் பேசினார். நகத்தளவு குடைகள், பஞ்சு மரங்கள். "எல்லாம் கரண்ட் அடுப்பு. புகையே இருக்காது. கல்லுக்கு ஒரு கீறல் விழாது."

"ஒரு ஆணி அடிச்சதுக்கு என்னைக் கிழிச்சீங்க. இப்ப கட்டடமே கட்டலாமா?" என்றார் சுற்றிக்காட்டும் வழிகாட்டி. சிலர் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார்.

"அடுத்து யாரும்மா?"

கூப்பிடுவது அவள் வேலை. ஜன்னல் வழியே பார்த்தாள். அப்பா குழாயடியில் குந்தி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் சடசடவென்று விழுந்தது.

"வாசல் வண்டிக்காரர்," என்றாள், அறைக்குள் கேட்கும் அளவுக்கு.

அவர் திரும்பவில்லை.

"வாசல் வண்டிக்காரர்."

சின்ன வயதில் தெருமுனையில் நின்று "அப்பா" என்று ஒரு சத்தம் கொடுப்பாள். கொதிக்கிற பாலை விட்டுவிட்டுத் திரும்புவார். இப்போதும் ஜன்னல் பக்கத்தில்தான் இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"ஆள் வரலைன்னு எழுதிக்கோ," என்றார் அதிகாரி. எழுதினாள். "பெரிசா எதிர்ப்பு ஒண்ணும் இல்ல. மேல அனுப்பிடலாம்."

நாற்காலிகள் நகரும்போது அப்பா வந்தார். ஈரக் கைகள் சட்டையில் படாமல் விலக்கிப் பிடித்திருந்தார்.

"மேடம், என்னை எப்பக் கூப்பிடுவாங்க?"

அவள் பேனாவை மூடினாள். மறுபடி திறந்தாள்.

"டீக்காரரே, இங்க கொஞ்சம் சிந்திடுச்சு பாருங்க," என்றார் நிறுவனத்துக்காரர்.

அட்டைக் கோட்டையின் வாசலுக்கு வெளியே, வண்டி நிற்கும் இடத்தில், பச்சைத் தாள் ஒட்டிப் புல்தரை செய்திருந்தார்கள். அதன்மேல் டீ தேங்கியிருந்தது. அப்பா தோளிலிருந்து துண்டை எடுத்தார். ஒரு பஞ்சு மரமும் சாயாமல், அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்தார்.